சாக்கு என்றால் கத்தி

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று பிள்ளைகள், வளர்த்தது நான்கு. நான்காவது என் தங்கையின் மகன். அவள் இறந்துபோனபோது அவன் கைக்குழந்தை. என் கடைசிப் பெண்ணோடு சேர்த்து அவனுக்கும் பால் கொடுத்தேன். இப்போது ஐம்பதைத் தொட்ட ஆள், உள் அறையில் கட்டிலில் படுத்திருக்கிறான். அவன் வாயால் சாப்பிட வேண்டும். இந்த வருஷம் முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்காகத்தான் இந்த முட்டியை வைத்துக்கொண்டு கடை கடையாய் ஏறி ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பஸ் பலகை படிப்பேன், என் பெயரைப் போடுவேன், அதற்கு மேல் கண்ணும் கையும் ஒத்துப்போகாது. எழுதுவது அவனுடைய மகள், என் பேத்தி. நான் சொல்லச் சொல்ல அவள் புத்தகத்தில் வருவது போல எழுதுகிறாள். பேசினதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும்.

பொம்பளை இடுப்பில் கத்தி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விவேக் நகர் சர்ச் வாசலில் கொய்யாவும் மாங்காயும் வெள்ளரிக்காயும் வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றவள் நான். வியாழக்கிழமை என்றால் தலை நிமிர முடியாது, அவ்வளவு கூட்டம். நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்களின் கூடையைத் தூக்கிப் போகிற வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யாராவது ஒரு குரல் கொடுத்தால் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் ஓட வேண்டும். வீட்டுக் கத்தியை வைத்துக்கொண்டு ஓட முடியுமா? இடுப்பில் செருகினால் வயிற்றைக் கிழிக்கும், கூடையில் போட்டால் வழியில் விழும். மடக்குக் கத்தி என்றால் ஒரு தட்டுத் தட்டி மூடி, சுருக்குப் பையில் போட்டு, பையை இடுப்பில் செருகிவிடலாம். கூடை போனாலும் கத்தி இருக்கும். கத்தி இருந்தால் மறுநாள் கடை உண்டு.

முதலில் வைத்திருந்தது தள்ளுவண்டியில் வாங்கிய தகரப் பிடிக் கத்தி. அதற்குப் பூட்டு கிடையாது. பூட்டு என்றால் சாவி போடுவது இல்லை. திறந்த அலகு தானாக மடங்கிவிடாமல் உள்ளே ஒரு தகடு தாங்கிப் பிடிக்கும், அதைத்தான் பூட்டு என்பார்கள். அது இல்லாத கத்தியில் கெட்டி மாங்காயின் கொட்டையை அழுத்தினேன். அலகு பின்னால் மடங்கி என் ஆள்காட்டி விரல் மேல் உட்கார்ந்தது. இன்றைக்கும் அந்த விரல் நுனியில் சூடு குளிர் தெரியாது. அன்றைக்கு விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மீதிக் கூடையை விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தத் தகரக் கத்தியோடுதான் தங்கை மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தமிழில் கத்தியைச் சாக்கு என்போம். கன்னடத்தில் அப்படித்தான், இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் அழுத்தி, ச்சாக்கு என்று சொல்ல வேண்டும். தலைமை டீச்சர் கன்னடக்காரம்மா. அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறப்புச் சீட்டில் இருந்த தாய் பெயரைப் பார்த்தார்.

“ஸ்வந்த மகனா, சாக்கு மகனா?” என்று கேட்டார்.

இடுப்பில் இருப்பது வெளியே தெரிந்துவிட்டது, கத்தி வைத்திருக்கிறவளின் பிள்ளையா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். சுருக்குப் பையிலிருந்து கத்தியை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன்.

“சாக்கு என்னுதுங்க மேடம். பையன் ஒண்ணும் பண்ணல. நான் மாங்கா வெட்டறவ.”

அந்தம்மா நாற்காலியோடு பின்னால் போனார். அப்புறம் விஷயம் புரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பியூன்தான் எனக்கு விளக்கினார். அழுத்தாமல் சாக்கு என்றால் கன்னடத்தில் வளர்ப்பது என்றும் ஆகுமாம். சொந்தப் பிள்ளையா, வளர்ப்புப் பிள்ளையா என்றுதான் டீச்சர் கேட்டிருக்கிறார். சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். பஸ்ஸில், கடையில், எல்லா இடத்திலும் கேட்கிற சொல். “சாக்கு, சாக்கு” என்றால் போதும் போதும். இந்த வளர்ப்புக் கணக்கு எனக்குப் புதிது.

சொந்த மகன்தான் என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

அவன் பெரியவனான பிறகும் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவான். “என்ன யாருன்னு நெனச்ச? நான் பெரிம்மாவோட கத்திப் புள்ள” என்று கூட்டாளிகளிடம் சொல்லுவான். எனக்கு உள்ளூர அது பிடிக்கும். வெளியே, “போடா, வேலயப் பாரு” என்பேன்.

எலக்ட்ரிக் வேலைக்குப் போனான். ஒயர் சீவுகிற ஆள், அதனால் கத்தி பார்க்கத் தெரியும். என் விரலைப் பார்க்கும்போதெல்லாம் தகரக் கத்தியைத் திட்டுவான். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன், “கெளம்பு பெரிம்மா, ஒனக்கு ஒரு நல்ல சாக்கு வாங்கித் தரேன்” என்று சிவாஜிநகருக்குக் கூட்டிப்போனான். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கடை. உள்ளே கத்தரிக்கோல், சவரக்கத்தி, சமையல் கத்தி, எல்லாம் தொங்கின. கடைக்கார பாய் தாடி வெளுத்தவர்.

“அம்மாவுக்கா? பழம் வெட்டவா, கறி வெட்டவா?”

“எங்க பெரிம்மாவுக்கு, பாய். ஆளு வெட்ட.”

“அய்யய்யோ, அதுக்கு நம்ம கடையில சரக்கு இல்லப்பா” என்று பாய் சிரித்தார். “பழத்துக்குன்னா இருக்கு, உக்காருங்கம்மா.”

பாய் எடுத்துப் போட்ட கத்திகளை இவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்த்தான் என்றால் கண்ணால் இல்லை. திறந்து, அலகை இரண்டு விரலில் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினான். மயிரிழை ஆடினாலும் கீழே வைத்தான். அப்புறம் மடக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிடியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அலகு நேராக உட்கார்கிறதா என்று பார்த்தான். ஒரு பக்கம் சாய்ந்து உரசினால் முனை சீக்கிரம் போய்விடுமாம். கடைசியாகக் காதருகே வைத்துத் திறந்தான். டக் என்று ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். இரண்டு சத்தம் கேட்டால் பூட்டு சரியாக விழவில்லை.

“நீ என்ன, வாட்ச் ரிப்பேரா பண்ணற?” என்றேன்.

“சும்மா இரு பெரிம்மா. ஒனக்கு இன்னும் ஒம்போது வெரலுதான் நல்லா இருக்குது.”

எனக்கு ஒன்று பளபளவென்று பிடித்திருந்தது, முத்து மாதிரி பிடி. வேண்டாம் என்றான். ஈரக் கையில் வழுக்கும், நீ நாள் முழுக்க ஈரத்தில் வேலை செய்கிறவள் என்றான். கடைசியில் எடுத்தது கறுத்த மரப்பிடி. அலகு என் நடுவிரல் நீளம்தான். நீளம் இருந்தால் கெத்து, ஆனால் கொய்யாவுக்குக் கெத்து எதற்கு? வெள்ளை எஃகு, அதாவது துருப் பிடிக்காதது. கறுப்பு இரும்பு நன்றாகத் தீட்டிக்கொள்ளும், ஆனால் மாங்காய்ப் புளிப்பு பட்டால் அலகும் கறுக்கும், காயும் கறுக்கும், வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். கட்டைவிரல் நகத்தில் திறக்க முடிகிறதா என்று என்னைப் பத்துத் தடவை திறக்க வைத்தான். மெதுவாக, வழுக்காமல் திறந்தது.

பாய் கத்தியைத் துடைத்து என் முன்னால் பலகையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. எங்களிலும் அப்படித்தான், கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஆகாமல் போகும் என்று கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வோம். பாயும் அப்படி வைத்ததில் எனக்கு அந்தக் கடை மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்தக் கத்தியை நான் வைத்துக்கொண்ட மாதிரி யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அதைக் கூச்சப்படாமல் சொல்வேன். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, வெயிலில் திறந்தபடி காய வைத்து, அப்புறம்தான் மடக்குவேன். ஈரத்தோடு மடக்கினால் திருகாணி உள்ளே துருவேறும். மாதம் ஒரு தடவை அந்த மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தீட்டுவது வீட்டுச் சாணைக்கல்லில், தண்ணீர் விட்டு, அலகைப் படுக்க வைத்து. தீட்டினது போதுமா என்று கட்டைவிரலில் தடவிப் பார்க்க மாட்டேன், கொய்யாத் தோலில் வைத்துப் பார்ப்பேன். அழுத்தாமல் இறங்கினால் சரி. டப்பா மூடி நெம்ப, ஆணி பிடுங்க, எதற்கும் கொடுக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கெரோசின் டின் நெம்பக் கேட்டு, இல்லை என்றதற்கு என்னோடு ஒரு தீபாவளி வரை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

என் கொய்யாவின் நாலு துண்டும் ஒரே அளவு இருக்கும். வெட்டின மாங்காய் கொட்டையோடு பூ மாதிரி விரியும், ஒரு இதழ் கூடப் பிய்ந்து போகாது. எனக்குப் பக்கத்தில் கடை போட்டவர்கள் என் கூடை காலியான பிறகுதான் விற்பார்கள். நாலு பிள்ளைகளையும் யார் வாசலிலும் நிற்காமல் அந்த வேலையில்தான் வளர்த்தேன். முட்டி போன பிறகு வியாபாரத்தை விட்டேன், கத்தியை விடவில்லை. காலையில் புடவை கட்டினால் சுருக்குப் பை இடுப்புக்குப் போகும். பால் பாக்கெட், பூச்சரம், வாழை நார், எதற்கும் அது வேண்டும். இல்லாவிட்டால் செருப்பில்லாமல் வெளியே வந்த மாதிரி இருக்கும்.

போன வருஷம் அவனுக்கு நாக்குக்கு அடியில் ஒரு புண் வந்தது. புகையிலையைச் சுண்ணாம்போடு தேய்த்து அந்த இடத்தில்தான் அடக்கி வைப்பான். சொல்லிப் பார்த்தேன், அவன் பெண்டாட்டி சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. புண் ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நாக்கில் பாதியை எடுக்க வேண்டும், அப்புறம் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். புற்றுநோய்க்கு மிஷினில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சுவதைத்தான் கரண்ட் வைப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

“பாத்தியா பெரிம்மா, இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் நான் கரண்ட் வெச்சேன். இப்ப எனக்கே கரண்ட் வெக்கறாங்க. வயரிங் சரியா பண்ணுவாங்களா பாரு.”

அது அவன் வாயிலிருந்து நான் தெளிவாகக் கேட்ட கடைசிப் பேச்சுகளில் ஒன்று. நாக்கை எடுத்த பிறகு சொற்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று குழைந்து வந்தன. எனக்கும் அவன் பெண்டாட்டிக்கும் மட்டும் கொஞ்சம் புரியும்.

டாக்டர் என்னையும் மருமகளையும் கூப்பிட்டுச் சொன்னார். எடை குறையாமல் இருந்தால்தான் கரண்ட் வைக்க முடியும். உடம்பு தாங்க வேண்டும். அதற்கு வாயால் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்துவிடுவோம், ஆனால் இவ்வளவு இளைத்த ஆள் டியூபில் போய்விட்டால் அப்புறம் வாய்க்குத் திரும்புவது கஷ்டம், கரண்டும் சந்தேகம்தான் என்றார். மருமகள் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள், பகலில் லீவு கிடைக்காது. பகல் முழுக்க நான்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். நாலு பேருக்கு ஊட்டி வளர்த்தவள், இவன் ஒருத்தனுக்கு ஊட்ட முடியாதா என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

ஆஸ்பத்திரிக் கஞ்சி இறங்கவில்லை. ஸ்பூன் வாய்க்குள் போனாலே ஓங்கரித்தான். கத்தியை எடுத்தேன். பப்பாளியை வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவி, ஒரு சீவலை அவன் கீழ் உதட்டில் வைத்தேன். அதுவே கரைந்து வழுக்கிக்கொண்டு தொண்டைக்குப் போயிற்று. சப்போட்டாவைப் பாதியாக்கி, கத்தியின் முதுகால் சுரண்டிச் சுரண்டிக் கொடுத்தேன். ஆப்பிளையும் அப்படித்தான். சாப்பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு, நேரம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டான். எடை பார்த்த நர்ஸம்மா, “பரவாயில்லியே அஜ்ஜி” என்றார். அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி. வார்டில் மற்ற கட்டில்காரர்கள் கூட என்னைக் கூப்பிட்டு அவர்கள் பழத்தைச் சீவச் சொன்னார்கள். இருங்கப்பா, முதலில் என் பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டுச் சீவிக் கொடுத்தேன். அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் வாசல் காவலுக்குப் புது ஆள் நின்றிருந்தான். என் பையைத் தடவி, இடுப்பில் என்ன என்று கேட்டான். சொன்னேன்.

“சாக்கு ஒளகே பிடல்ல அஜ்ஜி. கொடு இல்லி.” கத்தி உள்ளே போகாது, இங்கே கொடு என்று கையை நீட்டினான்.

நான் கையில் கொடுக்கவில்லை. மேஜை மேல் வைத்தேன். என்னவோ நான் திமிர் பிடித்தவள் மாதிரி அவன் முறைத்தான். போகும்போது வாங்கிக்கொள் என்று இழுப்பறையில் போட்டான். சாயங்காலம் வரும்போது அங்கே வேறு ஆள். இழுப்பறையைத் திறந்து காட்டினான். ஒரு நெயில் கட்டர், இரண்டு தீப்பெட்டி, பீடிக் கட்டு. என் கத்தி இல்லை. மறுநாளும் கேட்டேன். எந்தக் கத்தி என்று காலையில் இருந்தவனே கேட்டான். நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டால் நாளைக்கு உன்னையே உள்ளே விட மாட்டேன் என்றான். உள்ளே இருப்பவன் சாப்பிட வேண்டுமே, வாயை மூடிக்கொண்டு போனேன்.

அன்றைக்குப் பப்பாளியை ஸ்பூனால் மசித்துக் கொண்டுபோனேன். வாயில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாவது ஸ்பூனைக் கையால் தள்ளினான். தள்ளிவிட்டு ஏதோ சொன்னான். நர்ஸம்மா கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“அஜ்ஜி, அவரு சாக்கு அந்தாரே. பலவந்தம் பண்ணாதீங்க.” போதும் என்கிறார், வற்புறுத்தாதே என்கிறார்.

“போதும்னு சொல்லலம்மா அவன். கத்தி கேக்கறான். ச்சாக்கு.”

“இல்ல அஜ்ஜி, சாக்கு. எனக்குக் கேட்டுச்சு.”

“நீ கன்னடத்துல கேட்ட. அவன் எங்கிட்ட தமிழ்ல பேசறான். எங்க ஊட்ல சாக்குன்னா கத்தி. பொறந்ததுலேருந்து அவன் கேட்ட மொழி எனக்குத் தெரியாதா?”

“நாக்கு இல்லாதவருக்கு ச்சாவும் ஒண்ணுதான், சாவும் ஒண்ணுதான் அஜ்ஜி.” நர்ஸம்மா கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். “ரெண்டு நாளா எடை எறங்குது. நாளைக்கும் சாப்பிடலன்னா டாக்டர் டியூப் வெக்கச் சொல்லிட்டாரு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நான் அவனைக் கேட்கவில்லை. எனக்கு என்ன சந்தேகம்? கத்தி இருந்த வரைக்கும் சாப்பிட்டான், கத்தி போனதும் நிறுத்தினான். கத்தியைத்தான் கேட்கிறான்.

நேராகச் சிவாஜிநகர் போனேன். அந்தச் சந்தில் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பாய் எங்கே என்று கேட்டால் அங்கே இருந்தவர்களுக்குப் பாயையே தெரியவில்லை. கமர்சியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையைக் காட்டினார்கள். படி ஏறினேன். அங்கே இருந்த பிள்ளை கறுப்பில் மண்டை ஓடு போட்ட கத்தியை எடுத்துப் போட்டான். பொத்தானை அமுக்கினால் பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டு திறந்தது.

“ட்ரெக்கிங்குக்கு சூப்பர், பாட்டி. பேரனுக்கா?”

“எனக்கு.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அடுத்து ஒன்று எடுத்தான், அதில் கத்தி, கத்தரி, ரம்பம், மூடி திறப்பது, பல் குத்துவது எல்லாம் இருந்தன. கத்தியைத் தவிர மற்ற எல்லாம் நன்றாக இருந்தன. அந்தக் கடையிலிருந்து இறங்கி வேறு இரண்டு கடை ஏறினேன். எல்லா இடத்திலும் ஒரே காரியம்தான் செய்தேன். ஆட்டிப் பார்த்தேன், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், காதில் வைத்துத் திறந்தேன். காது இப்போது மந்தம். டக் சத்தம் ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்று கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா” என்று அவள் காதில் வைத்துத் திறந்தேன். பயந்துபோய்விட்டாள் பாவம். ஆனால் கேட்டுச் சொன்னாள். ஒன்றுதான் என்றாள்.

நல்ல கத்தி. இன்றைக்கும் சொல்வேன், நான் எடுத்தது நல்ல கத்தி. மரப்பிடி, உள்ளங்கையில் அடங்குகிறது. பாரம் இல்லை, இடுப்புத் துணியை இழுக்காது. அலகு விரல் நீளம், முனை கொஞ்சம் மழுங்கல், வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகப் பயம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டி, ஒரு கொய்யாவில் பார்த்தேன். அழுத்தாமல் இறங்கியது.

மறுநாள் அதைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, டிபன் கேரியரில் தயிர்ச் சோற்றுக்கு அடியில் புதைத்துக் கொண்டுபோனேன். காவல்காரன் என் இடுப்பைத்தான் பார்த்தான். சோற்றை யார் கிளறுவார்கள்?

கட்டிலில் அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, கத்தியைத் துடைத்து, அவன் முன்னால் போர்வை மேல் வைத்தேன். எடுத்தான். திறந்து, அலகை இரண்டு விரலில் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஜன்னல் பக்கம் திருப்பி நடுவில் இருக்கிறதா என்று பார்த்தான். என்னைப் பார்த்து ஒரு பக்கத்து உதடு மட்டும் மேலே போனது. சிரிப்புத்தான் அது. வேறு என்ன? மடக்கி, திரும்பவும் போர்வை மேல் வைத்தான். நான் எடுத்துக்கொண்டேன். நர்ஸம்மா இந்தப் பக்கம் வந்தவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

பப்பாளியைச் சீவினேன். என் ஆயுசில் அவ்வளவு மெல்லிசாக நான் எதையும் சீவியதில்லை. விரலில் எடுத்தால் விரல் ரேகை தெரிந்தது. அவன் உதட்டில் வைத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டான். தொண்டை ஏறி இறங்கியது, இன்னொரு தடவை ஏறி இறங்கியது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அப்புறம் இருமல் வந்து, சீவல் அப்படியே எச்சிலோடு போர்வையில் விழுந்தது.

“பரவால்ல ராசா. இன்னும் சன்னமா சீவறேன்.”

சீவினேன். அதுவும் விழுந்தது. சப்போட்டாவைச் சுரண்டினேன். வாயைத் திறக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அதே சொல்லைத்தான்.

“இதோ இருக்குதே ராசா, சாக்கு. எங்கையிலதான் இருக்குது, பாரு” என்று திறந்த கத்தியை அவனுக்குக் காட்டினேன்.

அவன் கத்தியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான்.

நான் கத்தியை மடக்கினேன்.

சாயங்காலத்துக்குள் டியூப் வைத்துவிட்டார்கள். கரண்ட் வைக்க உடம்பில் சத்து வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் எப்போது என்று யாரும் சொல்லவில்லை. மருமகளும் கேட்கவில்லை. இப்போது ராகிக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, பெரிய ஊசிக் குழாயில் எடுத்து வயிற்று டியூபில் விடுகிறோம். வாய்க்கு ஈரப்பஞ்சு மட்டும். கஞ்சி உள்ளே போகும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். பசித்ததா, நிறைந்ததா என்று கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.

கத்தி இடுப்பில்தான் இருக்கிறது. கஞ்சிப் பொடிப் பாக்கெட் திறக்க, மாத்திரை அட்டை நறுக்க, பிளாஸ்திரி வெட்ட அது போதும். அலகில் இன்னும் கடைப் பளபளப்புப் போகவில்லை. மாங்காய் சீசன் வந்துவிட்டது, தெருவில் வண்டிக்காரன் கத்திக்கொண்டு போகிறான். நான் கூப்பிடவில்லை. பழ வாசனை உள் அறைக்குப் போக வேண்டாம் என்று இருக்கிறது.

கத்தி இல்லாத அன்றைக்கு அவன் கேட்டது கத்தியைத்தான். அதில் எனக்கு மாற்றம் இல்லை, அந்த நர்ஸம்மா வந்தாலும் அதைத்தான் சொல்வேன். கத்தி கையில் இருந்த அன்றைக்கு அவன் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியாது.

இதைச் சொன்னபோது பேத்தி பேனாவை நிறுத்திவிட்டாள். “ஆயா, தமிழ்ல எழுதினா கத்திக்கும் போதும்ங்கறதுக்கும் ஒரே எழுத்துதான். எந்த அர்த்தம்னு எழுதட்டும்?” என்றாள். ஒரே எழுத்து என்றால் எழுது, எனக்கு அதுவே போதும் என்றேன். “அப்பா முழிச்சிட்டுத்தான் இருக்காரு. கேட்டா தலையாட்டுவாரு. நான் போய்க் கேக்கட்டா?” என்றாள்.

வேண்டாம் கண்ணு. நீ போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வா. இப்படி என் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, எழுதினதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. சத்தம் வேண்டாம், மெதுவாகப் படி.